டிராவல் டிரெய்லர்: பாதுகாப்புக் குறைகள், ரீகால், புகார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் டெக்ஸஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன்னால் 26 அடி நீள டிராவல் டிரெய்லர் ஒன்றைப் புதிதாக வாங்கினோம். அதிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் என்று பல தமிழ்க் குடும்பங்கள் போன் செய்து ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். வாங்கலாமா, எது உடையும், உடைந்தால் யாரிடம் போவது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் நிம்மதியாகத் தூங்கலாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போவது டயராகவோ கேஸாகவோ இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். சட்டமும் நடைமுறையும் அமெரிக்காவுக்கு உரியவை.

டிராவல் டிரெய்லர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எஞ்சின் இல்லாத வீடு. பிக்கப் டிரக்குக்கோ பெரிய எஸ்.யூ.வி.க்கோ பின்னால் ஹிட்ச் பந்தில் மாட்டி இழுத்துப் போவது. டிரக்கின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள்ளேயே மாட்டுகிற பெரிய வகைக்கு ஃபிஃப்த் வீல் என்று பெயர். எஞ்சினோடு சேர்ந்தே வருவது மோட்டார்ஹோம். கீழே சொல்வதில் பெரும்பகுதி மூன்றுக்கும் பொருந்தும்.

புது வண்டிதானே, அதில் என்ன குறை இருக்கப்போகிறது?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். கார் வாங்கிய அனுபவத்தை வைத்து இதை எடைபோடக் கூடாது. கார் பாகங்களைப் பெரும்பாலும் இயந்திரம் அளந்து பொருத்துகிறது. டிராவல் டிரெய்லரை ஆட்கள் கையால் கட்டுகிறார்கள். மெல்லிய மரச்சட்டம், ஒட்டுப்பலகை, பசை, ஸ்டேப்பிள் ஆணி. அமெரிக்காவில் ஓடும் இந்த வகை வண்டிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் பகுதியிலிருந்து வருகின்றன. அங்கே பல தொழிற்சாலைகளில் எத்தனை வண்டி முடிந்தது என்பதை வைத்துக் கூலி. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். கொரோனா காலத்தில் எல்லாரும் ஊர்சுற்றக் கிளம்பியபோது, 2021-இல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் தயாராகி வெளியே போயின. இரண்டே வருடத்தில், 2023-இல், அது சுமார் 3.13 லட்சமாக இறங்கிவிட்டது. அந்த அவசர வருடங்களில் கட்டிய வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் வண்டியில் முதல் வாரமே நான் எழுதிய பட்டியலில் 27 குறைகள். பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் ஒட்டப்படவே இல்லை, சும்மா செருகி வைத்திருந்தார்கள். ஹீட்டரின் காற்றுக்குழாய் ஒன்று பாத்ரூமுக்குப் போகாமல் கட்டிலுக்கு அடியிலேயே திறந்து கிடந்தது. இவை எரிச்சல் தரும் குறைகள், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குழாயை ஒட்ட மறந்த அதே அவசரம் கேஸ் குழாயிலும் இருந்திருக்கலாமே என்ற எண்ணம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

அரசாங்கம் சோதித்துப் பார்த்துத்தானே விற்க விடுகிறது?

இல்லை. நான் பேசும் குடும்பங்களில் அதிகம் பேர் தவறாக நினைத்திருப்பது இதைத்தான்.

அமெரிக்காவில் எந்த வாகனத்தையும் அரசு முன்கூட்டியே சோதித்து அனுமதி கொடுப்பதில்லை. விதிப்படி கட்டியிருக்கிறோம் என்று தயாரிப்பாளரே சான்று கொடுத்து விற்கிறார். மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது என்.எச்.டி.எஸ்.ஏ., அதன் பிறகுதான் வருகிறது. டிரெய்லருக்கு என்று அது வைத்திருக்கும் விதிகளும் கொஞ்சம்தான்: விளக்கு, டயர், ரிம், எடையைச் சொல்லும் ஸ்டிக்கர் போன்றவை. சாலையில் ஓடும் பாதியை அரசு ஓரளவு பார்க்கிறது. நாம் சமைத்து, குளித்து, தூங்கும் பாதிக்கு என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற தீயணைப்புத் துறைசார் தரநிலை இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஆர்.வி.ஐ.ஏ. முத்திரை அந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறோம் என்பதற்கான அடையாளம். ஆர்.வி.ஐ.ஏ. தயாரிப்பாளர்களே சேர்ந்து நடத்தும் சங்கம். அதன் ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்குச் சொல்லாமல் வந்து பார்ப்பது உண்மை. ஆனால் உங்கள் வண்டியை ஒருவர் தனியாக உள்ளே ஏறிப் பார்த்தார் என்று அந்த முத்திரைக்கு அர்த்தம் கிடையாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. விதி இல்லாத பாகமாக இருந்தாலும், அதில் இருக்கும் குறை ஆளுக்கு ஆபத்து என்றால் அதற்கு ரீகால் போட வைக்க, அதாவது தயாரிப்பாளரே காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கும்படி செய்ய, என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்கு அதிகாரம் இருக்கிறது. அடுப்பு, ஃபிரிட்ஜ், வாசல் படி எல்லாமே இதற்குள் வரும்.

அதிகம் கவனிக்க வேண்டியது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

டயர்.

டிரெய்லர் டயர் வெடித்தால் வெறும் பஞ்சரோடு நிற்காது. பிய்ந்த ரப்பர் பட்டை சக்கரத்தோடு சேர்ந்து சாட்டை மாதிரி சுழன்று அடிக்கும். சக்கரத்துக்கு மேலே இருக்கும் தரையைக் கிழிக்கும், மின்கம்பியை அறுக்கும், அந்தப் பக்கம் கேஸ் குழாய் போனால் அதையும் பிய்க்கும்.

பக்கவாட்டில் எஸ்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் அது டிரெய்லருக்கென்றே செய்த டயர். வேறு வேகக்குறி எதுவும் இல்லாத எஸ்.டி. டயரை மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. டெக்ஸஸ் நெடுஞ்சாலையில் 75 என்று பலகை இருக்கும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். வலது பக்க லேனில் 62, 63-இல் போங்கள்.

அடுத்து வயது. டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3619 என்றால் 2019-ஆம் வருடம் 36-ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் வருடத்தில் பாதி நாள் வெயிலில் நின்றே கிடப்பதால் கோடுகள் தேயாமலே ரப்பர் செத்துவிடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஐந்து, ஆறு வருடம் ஆனதும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு டயரின் காற்றையும் டிரைவருக்குக் காட்டும் சென்சார் செட் வாங்கிப் பொருத்துங்கள். நாலு டயர் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. காற்றுக் குறைவாகவும் சுமை அதிகமாகவும் ஓடுவதுதான் நல்ல டயரையும் கொல்லும்.

சக்கரமே கழன்று ஓடியதாகப் படித்தேன். உண்மையாக நடக்குமா?

நடக்கும். ரிம்மைப் பிடித்திருக்கும் நட்டுகள் முதல் சில மைல்களில் தளரும். புது வண்டியிலும் டயர் மாற்றிய பிறகும் இது சகஜம். பெரும்பாலான கையேடுகள் முதல் 50 மைலுக்குள் திரும்பத் திரும்ப இறுக்கச் சொல்கின்றன. வண்டியை ஒப்படைக்கும்போது எங்கள் டீலர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் பயணத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். சும்மா பார்த்துவிடலாமே என்று, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்தேன். மனைவி டார்ச் பிடித்துக்கொண்டாள். முன் சக்கரத்தில் ஒவ்வொரு நட்டிலும் ரெஞ்சை வைத்ததுமே 'க்ளிக்' சத்தம் வந்தது, அதாவது இறுக்கம் சரி. இடது பின் சக்கரத்துக்கு வந்தேன். இரண்டாவது நட்டு சுற்றியது. அரைச் சுற்று முழுதாகப் போன பிறகுதான் க்ளிக் வந்தது. அதற்கு எதிரே இருந்த நட்டும் அப்படியே. மனைவி எதுவும் கேட்கவில்லை, டார்ச் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஆடியது. உள்ளே காரில் இரண்டு பிள்ளைகள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்றுவரை ஒவ்வொரு பயணத்திலும் கிளம்பும் முன் ஒரு முறை, முதல் நிறுத்தத்தில் ஒரு முறை பார்க்கிறேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். பலம் போட்டு இறுக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதிகம் இறுக்கினால் போல்ட்டே அறுந்துவிடும்.

பிரேக் எப்படி? டிரக் பிரேக் போதாதா?

போதாது. டிரெய்லரின் சொந்த பிரேக் வேலை செய்தே ஆக வேண்டும். அது மின்சார பிரேக், டிரக்கில் இருக்கும் கன்ட்ரோலர் அதை இயக்குகிறது. உரிமையாளர்கள் அதிகம் சொல்லும் குறைகள் இரண்டு. ஆக்சில் குழாய்க்குள் ஓடும் கம்பி உரசி உரசி அறுந்துபோவது ஒன்று. பியரிங் கிரீஸ் கசிந்து பிரேக் ஷூவில் படிவது இன்னொன்று. கிரீஸ் பட்ட ஷூ பிடிக்காது, வழுக்கும். கிரீஸ் கன்னால் ஆர்வமாக அதிகம் அடைத்துவிட்டாலும் இதே கதிதான்.

டிரெய்லர் டிரக்கிலிருந்து பிரிந்துவிட்டால் தானாக பிரேக் பிடிக்க ஒரு சின்ன பின் இருக்கிறது, கம்பியோடு டிரக்கில் மாட்டுவது. அதை உருவிவிட்டு, வண்டியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சக்கரம் இறுகி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் முதலில் டிரெய்லர் பேட்டரியைப் பாருங்கள், ஏனென்றால் அந்த பிரேக்குக்குச் சக்தி அங்கிருந்துதான் வருகிறது. பேட்டரி செத்த வண்டியில் இந்த ஏற்பாடு வெறும் அலங்காரம்.

என் டிரக் 9,000 பவுண்டு இழுக்கும் என்று டீலர் சொன்னார். டிரெய்லர் 7,000 பவுண்டு. பிரச்சினை இல்லையே?

இழுக்கும் திறனைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். முதலில் முட்டுவது வேறு எண். டிரக்கின் டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லரின் மூக்கு டிரக்கின் மேல் அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். அந்த அழுத்தம் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 7,000 பவுண்டு என்றால் 700 முதல் 1,050. அதோடு நீங்கள், மனைவி, பிள்ளைகள், பின்னால் போட்ட சைக்கிள், ஐஸ் பெட்டி. கூட்டிப் பாருங்கள், பல டிரக்குகளில் மிச்சம் இருக்காது.

டிரெய்லர் பக்கம் கதவருகே இன்னொரு ஸ்டிக்கர் இருக்கிறது. சாமான் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அது சொல்லும். தண்ணீரையும் அந்தச் சாமானில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 332 பவுண்டு போய்விடும். அரிசி மூட்டை, கிரைண்டர், குக்கர் என்று நம் வீட்டுச் சாமான் வேறு ஏறும். லாரி ஓட்டுநர்கள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். கொஞ்சம் டாலர்தான். எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு முறையாவது அதில் நிறுத்தி எடை பாருங்கள்.

மூக்கில் எடை குறைந்து பின்னால் கூடினால் வண்டி வால் ஆட்ட ஆரம்பிக்கும். அப்போது கால் தானாக பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கன்ட்ரோலர் லீவரால் கையால் அழுத்துங்கள். இதை ஒரு காலி மைதானத்தில் முன்பே பழகிவைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது பிள்ளைகள் உள்ளே படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. டிராவல் டிரெய்லரில் சீட் பெல்ட் இல்லை, மோதலைத் தாங்கும்படி அந்தச் சுவர்களைக் கட்டவும் இல்லை. பல மாநிலங்களில் சட்டமும் தடுக்கிறது. சட்டம் தடுக்காத மாநிலத்திலும் கூடாது.

கேஸும் ஃபிரிட்ஜும் தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வழக்கமான டிரெய்லர் ஃபிரிட்ஜில் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பதுபோல கம்ப்ரஸர் கிடையாது. அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்க்குள் இருக்கும். அடியில் கேஸ் சுடரோ மின் கம்பியோ சூடாக்கும், அந்தச் சூட்டினால் மேலே குளிரும். சூடேறும் இடத்தில் குழாய் நாளடைவில் விரிசல் விட்டால் ஹைட்ரஜன் வெளியே வரும். பக்கத்திலேயே நெருப்பு. டோமெட்டிக் நிறுவனம் 2006-இல் இந்தக் காரணத்துக்காக 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரிட்ஜ்களுக்கு ரீகால் போட்டது, 2008-இல் இன்னும் பல லட்சம் சேர்த்தார்கள். நார்கோல்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் 1200 வரிசை ஃபிரிட்ஜ்களுக்கு 2010-இல் ரீகால் வந்தது. இந்த ஃபிரிட்ஜ்கள் பல கம்பெனி வண்டிகளில் உட்கார்ந்திருந்தன, அதனால் வண்டியின் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. ஃபிரிட்ஜைத் திறந்து மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதித் தேட வேண்டும்.

ஃபிரிட்ஜின் பின்புறம் திறக்கும் வெளிமூடியைக் கழற்றிப் பாருங்கள். மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, அமோனியா நெடி வந்தாலோ, உடனே அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வருகிறது. அதில் இந்தத் தொல்லை இல்லை.

கேஸுக்கு நம் ஊர் வழியே போதும்: சோப்புத் தண்ணீர். சிலிண்டர் வாயில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதனால்தான் கேஸ் அலாரம் தரையை ஒட்டியே இருக்கும். அந்த அலாரத்துக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் அலாரம் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள்.

புது வண்டிக்குள் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது. இது ஒன்றுமில்லையா?

ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம். ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து கசியும் வாயு அது. இதற்குப் பின்னால் ஒரு வேதனையான வரலாறு இருக்கிறது.

2005-இல் கத்ரீனா புயல் லூசியானா, மிசிசிப்பி கரையை அழித்தபோது, மத்தியப் பேரிடர் நிர்வாகமான ஃபீமா ஒரு லட்சத்துக்கும் மேல் டிரெய்லர்களை அவசரமாக வாங்கி வீடிழந்தவர்களுக்குக் கொடுத்தது. வார இறுதிச் சுற்றுலாவுக்காகக் கட்டிய வண்டிகளில் குடும்பங்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தன. மூக்கில் ரத்தம், மூச்சுத்திணறல், ஓயாத தலைவலி என்று மக்கள் சொன்னார்கள். 2006-இல் சியரா கிளப் என்ற தன்னார்வ அமைப்பு தானே டிரெய்லர்களைச் சோதித்து அளவு அதிகம் என்று சொன்னது. ஃபீமாவின் வழக்கறிஞர்கள் சோதனையே செய்யவேண்டாம் என்று உள்ளுக்குள் ஆலோசனை சொல்லியிருந்தது 2007 ஜூலையில் நாடாளுமன்ற விசாரணையில் வெளியே வந்தது. கடைசியில் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளைச் சோதித்தது. சராசரி 77 பி.பி.பி., அதாவது நூறு கோடிப் பங்கில் 77 பங்கு. சில வண்டிகளில் 590 வரை. 2008 பிப்ரவரியில் முடிவு வெளியானது. அந்த வண்டிகளில் வாழ்ந்தவர்கள் போட்ட வழக்கு 2012-இல் மொத்தம் 42.6 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பணம் ஆளுக்கு எவ்வளவு வந்திருக்கும்?

அந்த மக்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்ததால் 2010-இல் கூட்டுப்பலகைக்கான ஃபார்மால்டிஹைடு சட்டம் வந்தது. 2018 ஜூன் முதல் அதன் வரம்பு நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பின் செய்த வண்டி என்றால் நிலைமை மேல். ஆனாலும் புது வண்டியைப் பூட்டி வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு அப்படியே உள்ளே போய்த் தூங்காதீர்கள். சூடும் ஈரப்பதமும் கூடினால் வாயு அதிகம் கசியும். முதல் கோடை முழுக்க ஜன்னலும் கூரைவிசிறியும் திறந்தே இருக்கட்டும்.

இன்னொன்று. அந்த ஃபீமா வண்டிகளை அரசு பிறகு ஏலம் விட்டது, குடியிருக்கக் கூடாது என்ற ஸ்டிக்கரோடு. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு விற்றவர்கள் உண்டு. 2005, 2006 மாடல், உள்ளே ரொம்பச் சாதாரணமாக, நம்ப முடியாத குறைந்த விலை என்றால் விலகிவிடுங்கள்.

கூரை ஒழுகுகிறது. இதுவும் பாதுகாப்புக் குறையா?

சட்டத்தின் கணக்கில் பெரும்பாலும் இல்லை. உரிமையாளர்களின் புகாரில் இதுதான் முதலில் நிற்கும். ரப்பர் கூரையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பூசிய சீலன்ட் வெயிலில் வெடிக்கும். முடியளவு விரிசல் போதும். தண்ணீர் உள்ளே மரத்துக்குப் போய், வெளியே தெரிவதற்குள் ஒரு வருடம் ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். உள்ளே அலமாரி மூலைகளையும் வெளியே தள்ளி விரியும் ஸ்லைடு பகுதிக்குப் பக்கத்துத் தரையையும் கட்டை விரலால் அழுத்துங்கள். ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனால் மரம் அழுகிவிட்டது. அழுகிய மரச்சட்டம் சுவரையும் மேல் கட்டிலையும் தாங்காது, பூஞ்சை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். அதனால் சட்டம் என்ன சொன்னாலும் என் பட்டியலில் இது பாதுகாப்புக் குறைதான்.

ரீகால் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டியின் இடது பக்கம், முன்பாதியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வின் எண் இருக்கிறது. என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஃபிரிட்ஜ், அடுப்பு, டயர், ஆக்சில் ஆகியவற்றின் பெயரையும் தனியாகத் தேடுங்கள், பாகத்துக்கு வந்த ரீகால் வண்டியின் எண்ணில் தெரியாமல் போகலாம். இரண்டாம் கையாக வாங்கினால் தயாரிப்பாளருக்கு உங்கள் முகவரியைத் தெரியப்படுத்துங்கள், இல்லாவிட்டால் கடிதம் பழைய சொந்தக்காரருக்கே போகும்.

ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. வண்டி முதலில் விற்று 15 வருடம் வரைக்கும் இந்த உரிமை உண்டு, டயருக்கு 5 வருடம். வாரண்டி முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ரீகாலுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள்.

டீலர் மூன்று மாதமாக வண்டியை வைத்துக்கொண்டு பாகம் வரவில்லை என்கிறார். என்ன செய்வது?

எழுத்தில் பேசுங்கள். போனில் பேசியதையும் அன்றே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்: இன்று இன்னார் இப்படிச் சொன்னார் என்று. விட்ட தேதி, எடுத்த தேதி, செய்த வேலை மூன்றும் உள்ள பணிச்சீட்டை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை வாங்கி ஏமாந்தவர்களுக்கு உதவுவது லெமன் சட்டம். அது பல மாநிலங்களில் டிராவல் டிரெய்லரைச் சேர்ப்பதில்லை. டெக்ஸஸ் சேர்த்திருக்கிறது, டிரக்குக்குப் பின்னால் இழுத்துப் போகும் வண்டிகளும் அதில் வரும். மாநில மோட்டார் வாகனத் துறையிடம் மனு போடலாம். காலக்கெடு உண்டு, டீலர் இன்னும் ஒரு மாதம் என்று இழுத்தடிப்பதற்குள் அது முடிந்துவிடும். மற்ற மாநிலத்தவர்களுக்கு மத்திய அரசின் 1975-ஆம் வருடத்து மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. வாங்கும்போது கையெழுத்துப் போடும் தாளில் வழக்கை இண்டியானாவில்தான் போட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் தனி இன்ஸ்பெக்டர் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுவது இதையெல்லாம்விட நல்லது. அதற்கு ஒப்புக்கொள்ளாத டீலரிடம் வாங்காதீர்கள்.

டீலரே சரிசெய்து கொடுத்துவிட்டார். அரசுக்கு வேறு எதற்குப் புகார் எழுத வேண்டும்?

குட்இயரின் ஜி159 டயர் கதையைச் சொல்கிறேன். அது மோட்டார்ஹோம்களில் போட்டு விற்ற டயர். 1996 முதல் 2003 வரை செய்தார்கள். வெடித்து விபத்துகள் நடந்தன, குடும்பங்கள் வழக்குப் போட்டன. வழக்குகள் ஒவ்வொன்றாக ரகசியச் சமரசத்தில் முடிந்தன. ஆவணங்களுக்கு நீதிமன்றத்தில் பூட்டு. ஒரு குடும்பத்துக்கு நடந்தது அடுத்த குடும்பத்துக்குத் தெரியாது. அரிசோனாவில் நடந்த ஒரு வழக்கின் வழியாகத் தாள்கள் வெளியே வந்த பிறகு, 2017 கடைசியில்தான் என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரணையைத் தொடங்கியது. ரீகால் வந்தது 2022 ஜூனில். டயரில் குறையில்லை, காற்றுக் குறைவும் அதிகச் சுமையும்தான் காரணம் என்பது நிறுவனத்தின் வாதம். எட்டுப் பேர் இறந்து 69 பேர் காயம்பட்டதாக அரசின் கணக்கு.

உங்கள் குறையை டீலர் சரிசெய்துவிட்டால் அது உங்களோடு முடிந்துவிடுகிறது. அதே பாகம் எத்தனை ஆயிரம் வண்டியில் இருக்கிறதோ, அவர்களுக்கு நீங்கள் எழுதும் புகார்தான் எச்சரிக்கை. ஒரே பாகத்தைப் பற்றி நாட்டின் நாலு மூலையிலிருந்து கொஞ்சம் புகார் வந்தாலே அங்கே ஒருவர் கோப்பைத் திறந்து பார்ப்பார்.

எப்படி எழுதுவது?

இணையதளத்தில் படிவம் இருக்கிறது, 888-327-4236 என்ற எண்ணிலும் சொல்லலாம். கோபத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். நான் அனுப்பியதன் சாரம் இது:

"2022 அக்டோபர் 8, மாலை 6 மணி. வண்டி சமதரையில் நின்றிருந்தது. 68 வயதான, 130 பவுண்டு எடையுள்ள பெண் கீழே இறங்கும்போது வாசல் மடக்குப் படியின் வலது பக்க வெல்டிங் விட்டுப் படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டி வாங்கி 19 மாதம். படியின் எடை வரம்பு 300 பவுண்டு என்று அதன் ஸ்டிக்கரில் இருக்கிறது. முழங்காலில் காயம். உடைந்த இடத்தில் பாதி துருப்பிடித்தும் பாதி பளபளப்பாகவும் இருக்கிறது, அதாவது விரிசல் முன்பே இருந்திருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். பாகத்தை வைத்திருக்கிறேன்."

அந்தப் பெண் என் அம்மா. ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கதவோரக் கைப்பிடி தாங்கியதால் தலையில் அடிபடாமல் பிழைத்தார். டீலர் புதுப் படி போட்டுக் கொடுத்தார், பழையதைக் குப்பையில் போடக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. வின் எண், புகார் எண், தேதி மூன்றையும் எழுதிக் கட்டி, கராஜ் அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். விசாரணைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பேன்.